டோக்கியோவில் பிறந்த அகராதியும் கள்வராயன் மலை 'இஸ்கூலும்'



கள்ளக்குறிச்சியில் நம் வாசகர் வட்டம் கூடும் நாள்களில், எடுத்துக்கொண்ட நூலைப் பேசி முடித்தபின், யாரேனும் ஒருவர் தம் பையிலிருந்து பழம்புத்தகம் ஒன்றை எடுத்து நடுவில் வைப்பது வழக்கம். சென்ற மழைக்காலத்துக் கூட்டமொன்றில் அவ்வாறு வந்து சேர்ந்தது ஓர் ஆங்கில அகராதி. முதுகு கிழிந்து, ஓரம் கரையானுக்கு இரையாகி, ஆயினும் உள்ளே எழுத்து மங்காதிருந்தது. ஹார்ன்பியின் அகராதி என்று நம் ஆசிரியர்கள் பெயரிட்டு அழைத்த அதே புத்தகம். நம்மில் ஐம்பதைக் கடந்தவர்கள் அதனை ஒருமுறையேனும் புரட்டாமல் பள்ளியையோ கல்லூரியையோ தாண்டியிருக்க முடியாது.

அன்றைய கூட்டத்தில் மாணவர் ஒருவரும் இருந்தார். கள்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றிலிருந்து இறங்கிவந்து, இங்கே தங்கிப் படிப்பவர். அகராதியின் ஒரு பத்தியைப் படித்துக்காட்டுமாறு அவரைக் கேட்டோம். நன்றாகவே படித்துவந்தார். 'ஸ்கூல்' என்ற சொல் வந்த இடத்தில் 'இஸ்கூல்' என்றார். பின்வரிசையிலிருந்து சிறு சிரிப்பொலி ஒன்று எழுந்தது. அவ்வளவுதான். மாணவர் பத்தியை முடிக்காமலே புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். சிரித்தவர் நம்மில் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. அந்தச் சிரிப்புக்குக் கழுவாயாக எழுதப்படுவது இக்கட்டுரை என்று கொள்க.

ஏனெனில், அன்று மூடிவைக்கப்பட்ட அகராதி இங்கிலாந்தில் பிறந்ததன்று. ஆக்ஸ்போர்டு என்ற முத்திரையைக் கண்டு நாம் அவ்வாறு எண்ணிவிட்டோம். அது ஜப்பானில், ஜப்பானிய மாணவர்களுக்காகவே தொகுக்கப்பட்டு, 1942இல் டோக்கியோவில் அச்சாகி வெளிவந்தது. 'ஸ்கூல்' என்று சொல்ல வராமல் 'சுகூரு' என்று சொன்னவர்களின் இடர்ப்பாடுகளே அந்நூலை ஈன்றன. அந்தக் கதையைச் சற்றுப் பின்சென்று பார்ப்போம்.

ஜப்பான் தன் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பியருள் ஒல்லாந்தருக்கு மட்டுமே நாகசாகியில் வாணிகம் செய்ய இடமிருந்தது. 1808ஆம் ஆண்டு ஃபீட்டன் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒல்லாந்தக் கொடியை ஏற்றிக்கொண்டு அத்துறைமுகத்தில் நுழைந்து கலகம் விளைத்தது. அதன்பின் விழித்துக்கொண்ட அரசு, ஒல்லாந்த மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர்களை ஆங்கிலம் கற்குமாறு பணித்தது. 1814இல் மோதோகி ஷோசாயெமோன் தலைமையில் சுமார் 6000 சொற்கள் கொண்ட ஆங்கில–ஜப்பானிய அகராதி ஒன்று கையெழுத்துப்படியாக முடிந்தது. ஒலிப்பு ஜப்பானிய எழுத்திலேயே குறிக்கப்பட்டது. ஒல்லாந்தரிடம் கேட்டுக் கற்ற ஆங்கிலமாதலால், அதில் ஒல்லாந்த வாடை வீசிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் வாயிலிருந்து அதனைக் கேட்கும் வாய்ப்பு மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே கிட்டியது.

அந்த வாய்ப்பு ஒரு கைதியின் வடிவில் வந்தது. அமெரிக்கச் செவ்விந்தியத் தாய்க்கும் ஸ்காத்லாந்துத் தந்தைக்கும் பிறந்த ரானல்டு மக்டொனால்டு என்ற 24 வயது இளைஞர், 1848இல் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றிலிருந்து சிறு படகில் இறங்கி, வேண்டுமென்றே ஜப்பானின் வடகரையில் ஒதுங்கினார். அயலார் நுழைந்தால் சிறை என்பது அன்றைய சட்டம். அவரை நாகசாகிக்குக் கொண்டுசென்று காவலில் வைத்தார்கள். அந்தக் காவலிடமே ஒரு பள்ளியாயிற்று. பதினான்கு மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் வந்து ஆங்கிலம் படித்துக்காட்டுவார்கள். ஒருவர்பின் ஒருவராக அவர்கள் படிக்க, இவர் ஒலிப்பைத் திருத்திக்கொடுப்பார். அந்தப் பதினால்வருள் ஒருவரான மோரியாமா எய்னோசுகே, 1854இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியுடன் ஜப்பான் உடன்படிக்கை செய்தபோது இடைநின்று மொழிபெயர்த்தவர். ஒரு நாட்டின் கதவு திறந்த வேளையில், கைதியிடம் கற்ற உச்சரிப்பு கைகொடுத்தது!

கதவு திறந்தபின் ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட தேவையை ஃபுகுசாவா யுகிச்சியின் அனுபவம் நன்கு காட்டும். ஆண்டுக்கணக்கில் ஒல்லாந்த மொழியை உயிரைக்கொடுத்துக் கற்ற அவ்வறிஞர், 1859இல் யோகோஹாமா துறைமுகத்துக்கு நடந்துபோய்ப் பார்த்தார். கடைப்பலகை ஒன்றைக்கூட அவரால் வாசிக்க இயலவில்லை. எல்லாம் ஆங்கிலமாயிருந்தது. மனமுடைந்து திரும்பியவர், அடுத்த நாளே ஆங்கிலம் கற்பதென்று உறுதிபூண்டார் என்று தம் வரலாற்றில் எழுதுகிறார். 1872இல் மோரி அரினோரி என்ற இளம் தூதர் இதற்கும் ஒரு படி மேலே போனார். நாட்டுக்கு ஆங்கிலத்தையே பொதுமொழியாக்கிவிடலாம், ஆனால் ஆங்கில வினைச்சொற்களின் ஒழுங்கின்மையை மட்டும் முதலில் சீர்செய்துவிட வேண்டும் என்று அமெரிக்க மொழியறிஞர் விட்னிக்கு எழுதினார். இறந்தகாலத்துக்கு எல்லாவற்றிலும் ஒரே விகுதி! நம் மாணவர்கள் இன்றும் இந்தச் சீர்திருத்தத்தை மோரியின் பெயரறியாமலே தேர்வுத்தாளில் நிறைவேற்றிவருகிறார்கள். விட்னி இந்த எண்ணத்துக்கு ஊக்கம் தரவில்லை.

அக்காலத்து ஜப்பானியப் பள்ளிகளில் இரு நெறிகள் இருந்தன. ஒலிப்பைச் செம்மையாகக் கற்று மொழியை வாய்வழிப் பயிலுவது 'செய்சொகு', அதாவது ஒழுங்கு நெறி. ஒலிப்பு எப்படியிருந்தாலும் சரி, பொருள் விளங்கினால் போதும் என்பது 'ஹென்சொகு', அதாவது ஒழுங்கல்லா நெறி. நாட்டில் செல்வாக்குப் பெற்றது பின்னதே. அதற்குக் காரணம் பழையது. சீன நூல்களை ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாக ஒரு தனி முறையில் படித்துவந்தார்கள். சீனச் சொற்களுக்கு அருகே சிறு குறிகள் இட்டு, அவற்றின் வரிசையை மாற்றி, வினை இறுதியில் வருமாறு ஜப்பானியமாகவே வாசித்துவிடுவார்கள். அதே முறையை ஆங்கிலத்தின்மீதும் ஏற்றினார்கள். இதனைப் படிக்கையில் நமக்கு நம் பதவுரை மரபு நினைவுக்கு வருகிறது. செய்யுளைக் கொண்டுகூட்டி, எழுவாயை முன்னும் பயனிலையைப் பின்னும் நிறுத்திப் பொருள் சொல்லும் அதே கையோடு, நம் ஆசிரியர்கள் ஆங்கில வாக்கியத்தையும் வாலிலிருந்து தலைக்கு வந்து விளக்கியதை மறக்கமுடியுமா?

இங்கே நாவலாசிரியர் நட்சுமே சோசெகியைப் பற்றி ஒரு சொல். அவர் ஆங்கில ஆசிரியர். 1895இல் மத்சுயாமாவிலும் அடுத்த ஆண்டு முதல் குமாமோத்தோவிலும் பாடம் சொல்லி, 1900 முதல் 1902 வரை லண்டனில் தங்கிப் பயின்றவர். மாணவர்களின் ஆங்கிலம் தேய்ந்துவிட்டதே என்று 1911இல் பலரும் வருந்தியபோது, அது இயல்பான விளைவுதான் என்றார் அவர். முன்பு எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் நடந்தன. இப்போது சொந்த மொழியில் நடக்கின்றன. ஆகவே ஆங்கிலம் குறையத்தான் செய்யும் என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்பது, இங்கிலாந்துக்கு அடிமைப்பட்ட இந்தியாவைப் போன்ற உணர்வைத் தருகிறது என்றும் சொன்னார். நம்மைச் சுட்டிய அந்த உவமை கசப்பானதே. ஆயினும் பொய்யென்று தள்ள முடியவில்லை. தம் தொழிலே ஆங்கிலமாயிருந்த ஒருவர், ஆங்கிலம் தேய்வதை நாட்டின் வளர்ச்சிக்கு அடையாளமாகக் கண்டார் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

இனி அகராதிக்கு வருவோம்.

1922இல் ஹெரால்டு பாமர் என்ற ஆங்கிலேயர் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மொழி ஆலோசகராக டோக்கியோ வந்தார். லண்டனில் ஒலியியலறிஞர் டேனியல் ஜோன்ஸின் துறையில் பணிபுரிந்தவர். அடுத்த ஆண்டே ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வுக்கழகம் ஒன்று அவர் தலைமையில் நிறுவப்பட்டது. பாமரின் கொள்கை எளியது: முதலில் காது, பிறகு நா, அதற்கும் பிறகே கண். குழந்தை எந்த வரிசையில் தாய்மொழியைக் கற்கிறதோ அந்த வரிசை. ஆசிரியர் ஒரு கட்டளை சொல்வார், மாணவர் அதைச் செய்துகொண்டே ஆங்கிலத்தில் சொல்வார். இத்தகைய பயிற்சிகளின் தொகுப்பை அவர் 1925இல் டோக்கியோவில் வெளியிட்டார். 'ஐ ஆம் கோயிங் டு தி டோர்' என்று சொல்லிக்கொண்டே வகுப்பறைக் கதவை நோக்கி நடந்த நினைவு வாசகர்களில் சிலருக்கேனும் இருக்கும். அதற்கு மீண்டும் வருவோம்.

பாமர் சொற்களஞ்சியத்தின்மீதும் கை வைத்தார். ஜப்பானில் சொல் கற்பது என்றால் மனப்பாடம். அகராதியில் ஒரு பக்கத்தை நெட்டுருச் செய்து முடித்ததும் அதைக் கிழித்துத் தின்றுவிடும் மாணவரைப் பற்றிய கதைகள் அங்கே உண்டு. நமக்கு இது புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை நெட்டுருச் செய்த மரபு நம்முடையது. தாளைத் தின்னும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை, அந்நாளில் ஓலையாயிற்றே! எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற வினாவை எழுப்பிய பாமர், 1931க்குள் 3000 சொற்களைத் தேர்ந்து பட்டியலிட்டார். 1933இல் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதைத் தொகுத்து மற்றோர் அறிக்கை வெளியிட்டார்.

இந்தச் சொற்சேர்க்கை விவகாரம் தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். நாம் அதனை 'மரபு' என்போம். தென்னையில் ஓலை, வாழையில் இலை. நெல்லுக்கு வயல், கம்புக்குக் கொல்லை, தினைக்குப் புனம். மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, ஆயினும் காதுக்குப் பிழை. தொல்காப்பியர் மரபியல் என்று ஓர் இயலே வகுத்து, எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்று வரிசைப்படுத்தினார். பாமர் இதையறிந்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. கற்பவன் இடறும் இடம் எதுவென்று இருவரும் கண்டார்கள் என்பதே செய்தி.

பாமருக்கு வாய்த்த துணைவர்தான் ஏ. எஸ். ஹார்ன்பி. 1898இல் செஸ்டர் நகரில் பிறந்தவர். 1924இல் கியூஷூ தீவின் கரையிலுள்ள ஓயிதா என்ற சிறுநகரத்துக்கு, அங்கிருந்த உயர் வணிகப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கச் சென்றார். சென்றபின்னரே தெரிந்தது, மாணவர்களுக்கு வேண்டியது இலக்கியமன்று, மொழி என்பது. கணக்கெழுதவும் கடிதமெழுதவும் போகிற வணிகப் பள்ளி மாணவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று அவர் கவனிக்கத் தொடங்கினார். பாமருக்கு எழுதினார், பின்னர் டோக்கியோவுக்கே சென்று அவருடன் சேர்ந்தார். 1936இல் பாமர் இங்கிலாந்து திரும்பிய பிறகு கழகத்தின் பணியை முன்னெடுத்தவர்களுள் இவரே முதன்மையானவர். கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவருடன் சேர்ந்து, கற்பவர்க்கான அகராதியைத் தொகுத்தார்.

அதுவரை ஆங்கில அகராதிகள் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டவை. தெரியாத அரிய சொல்லுக்குப் பொருள் சொல்வது அவற்றின் வேலை. 'வாட்டர்' என்ற சொல்லுக்கு முன் ஒரு சுட்டுச்சொல் வருமா, அதற்குப் பன்மை உண்டா என்பதை எந்த ஆங்கிலேயர் அகராதியில் தேடுவார்? ஓயிதாவின் மாணவர் தேடுவார். அவர் மொழியில் அந்தச் சுட்டுச்சொற்கள் இல்லை. பெயர்ச்சொற்களுக்கு ஒருமை பன்மை வேறுபாடு கட்டாயமில்லை. ஆகவே ஹார்ன்பி பெயர்ச்சொற்களுக்கு எண்ணத்தக்கது, எண்ணத்தகாதது என்று குறியிட்டார். வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளாகப் பகுத்து, ஒவ்வொரு வினைக்கும் அது ஏற்கும் அமைப்பின் எண்ணைக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். ஒலிப்புக்குப் பன்னாட்டு ஒலிக்குறிகள்.

நூல் வெளிவந்த வேளையைப் பாருங்கள். 1941 டிசம்பரில் போர் மூண்டது. ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டு, 1942இல் நாடு திரும்பினார். ஆங்கிலம் பகைவர் மொழி என்று தூற்றப்பட்டு, 1943இல் பேஸ்பால் ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்கள்கூட விலக்கப்படவிருந்த நாட்டில், அதற்கு முந்திய ஆண்டில், கைதகுஷா என்ற பதிப்பகம் அந்தப் பகைவர் மொழியின் அகராதியை அச்சிட்டு வெளியிட்டது. போர் முடிந்தபின் 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் டோக்கியோப் பதிப்பைப் புகைப்படப் படியெடுத்து அப்படியே மறுபதிப்பாக்கியது. 1963இல் இரண்டாம் பதிப்பு. மலிவு விலைப் பதிப்பாக 1960களிலிருந்து இந்தியாவெங்கும் பரவியது. அதன் ஒரு படிதான் நம் கூட்டத்தின் நடுவில் கிடந்தது.

ஜப்பானியருக்காகச் செய்த நூல் தமிழருக்கு எப்படிப் பொருந்திற்று? நம் கட்டுரையின் கரு இதுதான். தமிழிலும் சுட்டுச்சொல் அந்த வகையில் இல்லை. அஃறிணையில் பன்மை விகுதி விருப்பத்துக்குரியது: 'பத்து மாடு மேய்கிறது' என்றால் யாரும் திருத்துவதில்லை; தொல்காப்பியமே இதற்கு இடங்கொடுக்கிறது. இரு மொழிகளிலும் வினை இறுதியில் வரும், வேற்றுமைப் பொருளைத் தரும் உருபு பெயருக்குப் பின்னால் நிற்கும். மூன்று 'பேர்' என்று ஆளை எண்ண நாம் ஒரு சொல் வைத்திருப்பதுபோல் அவர்கள் ஆளுக்கும், தட்டையான பொருளுக்கும், நீண்ட பொருளுக்கும் தனித்தனி எண்ணுப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே இடறும் கற்களும் ஒன்றாயின. 'டிஸ்கஸ்' என்ற வினையை அடுத்து 'அபௌட்' என்று சேர்த்துச் சொல்லும் பிழையை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியிலும் அது உண்டு, டோக்கியோவிலும் உண்டு. நாம் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம், அவர்களும் அப்படியே. ஆங்கிலேயர் ஒன்றை விவாதிக்கிறார்.

இடையில் ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் பிறப்புறவு உண்டென்று பேராசிரியர் சுசுமு ஓனோ எழுதியதை வாசகர்கள் அறிவீர்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாமும் இங்கே அதை நிறுவ வரவில்லை. உறவில்லாத இரு வீட்டாருக்கும் ஒரேமாதிரியான வாசற்படி இருக்கலாம். இடறுவதற்கு அது போதும்.

இனி ஒலிப்பு. இங்கேதான் அந்த 'இஸ்கூல்' வருகிறது. தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது. உயிரோடு கூடியே வரும். சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்காது. வேற்றுமொழிச் சொல் வரும்போது இவ்விதிகளுக்கேற்ப அது உருமாறும். 13ஆம் நூற்றாண்டின் பவணந்தியார், ரகரத்தில் தொடங்கும் வடசொல்லுக்கு முன் அ, இ, உ வரும் என்றும், லகரத்துக்கு முன் இ, உ வரும் என்றும், யகரத்துக்கு முன் இ வரும் என்றும் வகுத்தார். இராமன், உலோகம், இயக்கன் எல்லாம் இப்படி வந்தவை. இரு மெய்கள் நெருங்கினால் இடையில் உயிர் புகுந்து பத்மம் பதுமமாகும். மலைநாட்டு மாணவர் 'ஸ்கூல்' முன் இகரம் சேர்த்தது இதே வழியில்தான். இது தமிழருக்கு மட்டும் உரியதுமன்று. அதே சொல்லின் மூலத்தை இலத்தீனிலிருந்து பெற்ற ஸ்பெயின் நாட்டவர் முன்னே எகரம் சேர்த்து 'எஸ்குவேலா' என்றனர். பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே எகரம் சேர்த்து, பின்னர் சகரத்தையும் விட்டு 'எகோல்' என்றனர். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அது அவர்களுடைய இலக்கியமொழி!

ஜப்பானியர் உயிரை முன்னால் சேர்ப்பதில்லை, ஒவ்வொரு மெய்க்கும் பின்னால் சேர்ப்பார்கள். அவர்கள் மொழியில் சொல் உயிரில் முடியும், தவறினால் ஒரு மெல்லின ஒலியில் முடியும். எனவே 'ஸ்டிரைக்' அவர்களிடம் 'சுதொராய்கு' ஆகிறது (பேஸ்பாலில் மட்டும், தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றால் 'சுதொராய்கி'). 'பஸ்' என்பதை நாம் 'பஸ்ஸு' என்கிறோம், அவர்கள் 'பசு' என்கிறார்கள். டோக்கியோவாசிகள் பசுவில் ஏறி அலுவலகம் செல்கிறார்கள் என்றால் மிகையாகாது. அந்த இறுதி உகரத்தை அவர்கள் முழுதாக ஒலிப்பதுமில்லை. 'தெசு' என்ற அவர்களது முடிப்புச் சொல்லில் உகரம் தேய்ந்து காற்றாகிவிடும். குற்றியலுகரம் என்பது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரகர லகர வேறுபாட்டில் மட்டும் நாமும் அவர்களும் பிரிகிறோம். ஜப்பானிய மொழியில் அவ்விடத்தில் ஒரே ஒலிதான். ரைஸ் என்றாலும் லைஸ் என்றாலும் அவர்கள் காதுக்கு ஒன்றே. இது நாவின் குறையன்று. 2006இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இவ்வேறுபாட்டை ஏறக்குறைய ஒரேயளவு உணர்வதும், பிறந்தநாளை நெருங்கும்போது ஜப்பானியக் குழந்தைகளிடம் அது மங்குவதும் காணப்பட்டது. தாய்மொழி காதைச் செதுக்கிவிடுகிறது. மங்கியது மீளுமா என்றால், ஓரளவு மீளும். 1991இல் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலபேருடைய குரல்களில், பலவகைச் சொற்களில் அவ்வொலிகளைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தபோது ஜப்பானியரின் காது தேறியது. 1997இல் வந்த மற்றோர் ஆய்வு, காது தேறியபின் தனிப்பயிற்சி இல்லாமலே நாவும் தேறுவதைக் காட்டியது. முதலில் காது என்று பாமர் எழுபதாண்டுகளுக்கு முன் சொன்னது நினைவுக்கு வரும்.

ல, ள, ழ, ர, ற என்று ஐந்தை வைத்துக்கொண்டு வளரும் கள்வராயன் மலைக் குழந்தைக்கு, டோக்கியோப் பேராசிரியர் வாழ்நாளெல்லாம் முயலும் அந்த வேறுபாடு தாய்ப்பாலோடு வந்தது. மலையாளி என்றே அம்மக்கள் அழைக்கப்பட்டாலும், அது மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ். அதே குழந்தைக்கு வேறோர் இடர் உண்டு. 'பேக்' என்று தமிழெழுத்தில் எழுதினால் அது பையா, முதுகா, பொதியா என்று எழுத்து சொல்லாது. ஜப்பானியர் தம் எழுத்தில் ஆங்கில ஒலிப்பை எழுதிப் படித்துக் கெட்டதுபோலவே, தமிழெழுத்தில் ஒலிப்பு அச்சிட்ட நம் கையேடுகளும் உதவிய அளவுக்குக் கெடுத்தும் இருக்கின்றன. கையேடு என்றதும் நினைவுக்கு வருகிறது: போரில் தோற்ற சில வாரங்களில், 1945 அக்டோபரில், 32 பக்க ஆங்கில உரையாடல் சிறுநூல் ஒன்று ஜப்பானில் வெளிவந்து 36 லட்சம் படிகள் விற்றது. 1946 பிப்ரவரி முதல் ஹிராகாவா தாதாயிச்சி வானொலியில் ஆங்கிலம் கற்பிக்க, குடும்பங்கள் கூடிக் கேட்டன. பேருந்து நிலையத்தில் முப்பது நாளில் ஆங்கிலம் வாங்கும் நம் இளைஞரை இகழ்பவர்கள் அந்த 36 லட்சத்தையும் எண்ணிப்பார்க்கலாம்.

கதவை நோக்கி நடந்த பாடத்துக்கு வருவோம். 1946இல் ஹார்ன்பி பிரிட்டிஷ் கவுன்சிலின் சார்பில் ஆங்கிலம் கற்பித்தலுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். அவ்விதழிலேயே 1962இல், சென்னை மாநிலத்தில் தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்கும் முயற்சியைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. முதலில் சிலரைப் பயிற்றி, அவர்கள் வேறு சிலரைப் பயிற்ற, உருண்டு பெருகும் பனிப்பந்துபோல் திட்டம் வளரவேண்டும் என்பது கருத்து. பனியே காணாத நாட்டுக்கு நல்ல பெயர்தான்! 1952 முதல் சென்னை மாநிலத்தில் கைக்கொள்ளப்பட்ட வாக்கிய அமைப்புப் பாடத்திட்டத்தை ஊர்ப்பள்ளிவரை கொண்டுசெல்வது அதன் நோக்கம். கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஓர் ஊர் (தனி மாவட்டமானது 2019இல்). அக்காலத்து வகுப்பறையில் செய்கையோடு சொல்லும் வாக்கியங்களாகக் கேட்டவற்றின் வேர், பாமரின் டோக்கியோ வகுப்பறையில் இருக்கிறது. ஆனால் வாக்கிய அமைப்புகள் வந்த அளவுக்கு, காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வரவில்லை என்பது நம் எண்ணம். பந்து கீழே உருண்டுவர வர, ஆசிரியர் சொல்வதைத் திருப்பிச் சொல்வதே பாடமாயிற்று. மாணவர் எங்கே இடறுகிறார், ஏன் இடறுகிறார் என்று ஓயிதாவில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டதுபோல் இங்கே குறிப்பது அரிதாயிற்று. ஜப்பானிலும் பாமர் முழு வெற்றி பெற்றார் என்பதற்கில்லை. நுழைவுத்தேர்வுகள் மொழிபெயர்ப்பையே கேட்டுக்கொண்டிருந்தமையால் வாய்மொழிப் பயிற்சி பின்தங்கியது. நிலைத்து நின்றது அகராதிதான்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த மாணவர் வரமாட்டாரோ என்று அஞ்சினோம். வந்தார். சென்றமுறை சிரித்த நண்பர் எழுந்துபோய் அவருக்கருகில் அமர்ந்து, மேலே கூறிய செய்திகளிற் சிலவற்றைத் தாமே எடுத்துச் சொன்னார். அகராதியை மாணவரிடமே கொடுத்துவிட்டோம். இப்போது அவர் ஒரு குறிப்பேட்டில் தமக்கு இடறும் இடங்களை எழுதிவருகிறார். முதற்பக்கத்தில் தானியங்கள். கோதுமையை ஆங்கிலத்தில் எண்ண முடியாதாம், ஓட்ஸ் மட்டும் பன்மையாம், அரிசி எண்ணத்தகாததாம், அவரை எண்ணத்தக்கதாம். 'அரிசியைவிட ஓட்ஸ் ஒன்றும் பெரிதில்லையே, ஐயா. எந்தக் கணக்கில் இப்படிப் பிரித்தார்கள்?' என்று கேட்டார். தினைக்கும் சாமைக்கும் கேழ்வரகுக்கும் எதிரே இன்னும் குறி இடவில்லை. நமக்கும் விடை தெரியவில்லை.